கை விறைக்காமல் யாழ்ப்பாணம் வரை: பைக்குக்கு வேறு ஹாண்டில் போடுவது எப்படி

கொழும்பிலிருந்து பைக்கில் தூரம் போகிறவர்களுக்கு அதிவேகப் பாதை கிடையாது. 2011-இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்ததிலிருந்தே அங்கே மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் அனுமதியில்லை. யாழ்ப்பாணம் என்றாலும் மட்டக்களப்பு என்றாலும் பழைய வீதிகள்தான்: பஸ்ஸுக்குப் பின்னால், லொறிக்குப் பக்கத்தால், ஊருக்கு ஊர் பிரேக் பிடித்துக்கொண்டு. யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விடியற்காலை வெளிக்கிட்டாலும் போய்ச் சேரப் பின்னேரமாகிவிடும். குருநாகல் தாண்டும்போதே மணிக்கட்டு நோகத் தொடங்கும். தம்புள்ளையில் தேத்தண்ணிக் கிளாஸைப் பிடித்தால் சூடு தெரியாத அளவுக்கு விரல் விறைத்திருக்கும்.

இதைச் சொன்னதும் கூட ஓடுகிறவர்கள் தரும் மருந்து ஒன்றுதான்: "ஹாண்டிலை உயர்த்து மச்சான்." என் அபிப்பிராயம் வேறு. பலருக்கு வேண்டியது உயரம் அல்ல. ஹாண்டில் முனை கொஞ்சம் பின்னுக்கு வரவேண்டும், அது மணிக்கட்டுக்கு ஏற்ற கோணத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்காமல் உயரத்தை மட்டும் வாங்கினால் செலவும் போகும், கை விறைப்பும் அப்படியே இருக்கும்.

எங்கே நோகிறது என்று பாருங்கள்

சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தால், உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் பாரம் அழுந்துகிறது என்று அர்த்தம். உடம்பின் பாரம் கைகளில் இறங்கியிருக்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால், பெரும்பாலும் மணிக்கட்டு மடிந்த நிலையில் இருக்கிறது. லீவரின் கோணம் அல்லது ஹாண்டில் முனையின் சாய்வு பிழை. கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பிடித்தால் நீங்கள் எட்டிப் பிடிக்கிறீர்கள். ஹாண்டில் தூரமாக இருக்கலாம், அகலம் கூடியிருக்கலாம். எல்லா விரலும் ஒரேயடியாகக் கிறுகிறுத்தால் அது அதிர்வு. அதற்கு ஹாண்டில் முனைப் பாரங்களையும் எஞ்சின் பிடிக்கும் போல்ட்டுகளையும் முதலில் பாருங்கள். இடுப்பு மட்டும் நொந்தால் சீற்றைப் பாருங்கள், ஹாண்டில் பாவம்.

பைக்கை விட்டு இறங்கி இரண்டு மூன்று நாளாகியும் விறைப்பு போகவில்லையென்றால் டொக்டரிடம் காட்டுங்கள். அதற்கு ஹாண்டில் கடையில் மருந்தில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

இப்போதிருக்கும் ஹாண்டிலை நடுவில் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹாண்டிலைக் கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ சுழற்றிப் பார்க்கலாம். முதலில் மாஸ்கிங் டேப்பால் பழைய இடத்தை அடையாளம் பண்ணிக்கொள்ளுங்கள். சில பாகை மாறினாலே கைக்கு வித்தியாசம் தெரியும். பின்னுக்கு அதிகம் சுழற்றினால் முனைகள் நிலத்தைப் பார்க்கும், மணிக்கட்டு இன்னும் மோசமாக மடியும்.

லீவர்களையும் திருப்புங்கள். சீற்றில் வழமைபோல் இருந்து, விரல்களை நீட்டி லீவர்மேல் வைத்தால், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக வரவேண்டும். கையை மேலே தூக்கித்தான் லீவரைத் தொட வேண்டியிருந்தால் அது உங்களுக்கு உயரம். கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு கொண்டெய்னர் லொறிக்குப் பின்னால் அரை கிளட்ச்சில் ஊர்ந்தவர்களுக்கு இந்தக் கோணத்தின் அருமை புரியும். இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒருநாள் ஓடிப் பாருங்கள். சிலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

பைப்பால் அளப்பது

முடியாதவர்கள் அளக்கத் தொடங்கலாம். பைக்கை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். ஏறி இருந்து, முழங்காலால் டாங்கைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கைகளைத் தளர்வாக முன்னுக்கு நீட்டுங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்திருக்கட்டும், தோள் மேலே ஏறாமல் இருக்கட்டும். இப்போது ஒரு நண்பர், வயரிங் வேலைக்குப் பாவிக்கும் பிவிசி கொண்டியூட் பைப் துண்டொன்றை உங்கள் இரண்டு கைக்குள்ளும் வைக்க வேண்டும். கண்ணைத் திறந்து பாருங்கள். பழைய ஹாண்டில் முனைக்கும் அந்தப் பைப்புக்கும் இடையே எவ்வளவு உயரம், எவ்வளவு பின்னுக்கு என்று டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு அளந்தால் இன்னும் சரியாக வரும். தனியே போனாலும் டாங்கில் பை கட்டிக்கொண்டு போகிறவர் அதையும் கட்டிவிட்டு அளக்கவும்.

இந்த அளவைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவார்கள். உயரத்தில் ஒரு விரலளவுகூட வராது, பின்னுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வரும். இப்படி வந்தவருக்குப் புது ஹாண்டில்கூடத் தேவைப்படாமல் போகலாம். பழைய ஹாண்டிலையே கொஞ்சம் உயர்த்தி, பின்னுக்குத் தள்ளிப் பிடிக்கும் ரைசர் கட்டைகள் கிடைக்கின்றன. 20 முதல் 30 மில்லிமீட்டர் வரையான ரைசர் என்றால், பெரும்பாலான பைக்குகளில் கேபிள் மாற்றவும் தேவைப்படாது.

என்னென்ன அளவுகள்

ஹாண்டிலுக்கு நான்கு அளவு உண்டு. முனைக்கு முனை அகலம். கிளாம்ப் பிடிக்கும் இடத்திலிருந்து முனை எவ்வளவு மேலே என்ற உயரம். முனை எவ்வளவு பின்னுக்கு வருகிறது என்ற பின்வளைவு, கடையில் இதைப் புல்பேக் என்பார்கள். கடைசியாக, முனைகள் கீழ்நோக்கி எவ்வளவு சாய்கின்றன என்பது. ஒழுங்கான கம்பனி இந்த அளவுகளை அச்சடித்தே தரும். இங்கிலாந்தில் 1969-இல் தொடங்கிய ரென்தால் போன்றவர்களின் அளவு அட்டவணைகளைப் பார்த்துப் பழகினால், வேறு எந்த ஹாண்டிலையும் அளந்து ஒப்பிட வரும்.

அகலம் பற்றி ஒரு வார்த்தை. அகலமான ஹாண்டில் திருப்ப இலகு, கல்லும் மண்ணுமான வீதியில் பைக்கை அடக்கவும் நல்லது. ஆனால் நீங்கள் தினமும் வேலைக்குப் போவதும் அதே பைக்கில்தானே. பின்னேரம் ஐந்து மணிக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தியில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நுழைய முடியாமல் நிற்கும்போது, முனைக்கு முனை 820 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய அளவு என்று விளங்கும். அகலமாக வாங்கி வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. வெட்டுவதென்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக, தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். அதற்கு முன் சுவிட்ச், லீவர், கிரிப் எல்லாம் உட்கார நேர்ப்பகுதி மீதமிருக்கிறதா என்று பாருங்கள்.

உயரம் கூடினால் நெஞ்சில் காற்று அடிக்கும், பாரம் பின்னுக்குப் போகும், முன் டயர் வீதியை எப்படிப் பிடிக்கிறது என்று கைக்குத் தெரிவது குறையும். மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு இறங்கப் போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது பைப்பின் தடிப்பு. பெரும்பாலான இந்திய, ஜப்பான் பைக்குகளில் கைபிடிக்கும் இடம் 22.2 மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஏழு அங்குலம். ஹார்லி மாதிரியான பெரிய குரூசர்களில் 25.4. குழப்பம் வருவது கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியில். சாதாரண ஹாண்டில் அங்கேயும் 22.2-தான். நடுவில் தடித்து முனையில் ஒடுங்கும் ஹாண்டில்களில் நடுப்பகுதி 28.6. அதைப் போட வேண்டுமானால் கிளாம்பும் மாற வேண்டும்.

2020-இல் நின்ற வாகன இறக்குமதி 2025-இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் எங்கள் ஊரில் தூரப் பயணத்துக்குப் பழைய ஹொண்டா பாஜா, டிகிரி, யமஹா டிடபிள்யூ போன்றவை இன்னும் நிறையவே ஓடுகின்றன. அவற்றில் ஒரே பைப்பாக வரும் 22.2 ஹாண்டில்தான், மாற்றுவது சுலபம். யமஹா எஃப்ஸீயும் அப்படியே. பல்சர் 220, என்எஸ் 200 வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அவற்றில் இரண்டு துண்டாக, முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க் தண்டு ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பிடிக்கும் கிளிப்-ஒன் வகை. ஒற்றைப் பைப் போட மேலே பிடிக்கும் தட்டையே மாற்ற வேண்டும். புதியவர் அதில் கை வைக்க வேண்டாம் என்பேன்.

பஞ்சிகாவத்தையில்

கொழும்பில் பைக் சாமான் என்றால் எல்லா வழியும் மருதானை பஞ்சிகாவத்தைக்குத்தான் போகும். புதுசு, ரீகண்டிஷன், கழற்றிய சாமான் எல்லாம் ஒரே வரிசையில் தொங்கும். போகும்போது பைப்பின் தடிப்பை அளக்க ஒரு வேர்னியர், ஒரு டேப், கையில் உங்கள் அளவுக் கடதாசி.

"நானா, இது எந்த பைக்குக்கு?"

"எல்லாத்துக்கும் போகும் தம்பி."

எல்லாத்துக்கும் போகும் ஹாண்டில் என்று ஒன்றில்லை. சிரித்துக்கொண்டே வேர்னியரை நடுப்பகுதியில் வையுங்கள், பிறகு முனையில் வையுங்கள். தட்டையான கண்ணாடி மேசை இருந்தால் ஹாண்டிலை அதன்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டு முனையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா பாருங்கள். ரீகண்டிஷன் சாமானில் விழுந்து வளைந்து திரும்ப நிமிர்த்தியது இருக்கும். நிமிர்த்திய இடத்தில் குரோம் மெல்லிசாக வெடித்திருக்கும், நகத்தால் தடவினால் பிடிபடும். அலுமினியத்தில் வளைந்து நிமிர்ந்ததை இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம். அது அடுத்த முறை வளையாது, முறியும். ஸ்டிக்கரில் பெரிய கம்பனிப் பெயரும், எங்கும் ஓர் அளவும் இல்லாத ஹாண்டில் மலிவாகக் கிடைத்தால் அது ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

இரும்பா அலுமினியமா என்று கேட்டால், இரும்பு பாரம்தான், ஆனால் விழுந்தால் வளையும், வளைந்தபடியே வீடு வந்து சேரலாம். அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் பைக் நிறுத்துபவர்களுக்கு அது பெரிய விஷயம். குரோம் பூசிய மலிவு இரும்பு வெளியில் பளபளக்கும், முனைப் பாரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண் கொட்டும்.

காசு கொடுக்க முன் இன்னொன்று: உங்கள் பைக்கின் கிளட்ச் கேபிள், அக்ஸிலேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ் மூன்றும் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்துவிட்டே போயிருக்க வேண்டும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எந்தப் பக்கத்தில் எது இறுகுகிறது, எவ்வளவு தளர்வு மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். புது ஹாண்டிலின் உண்மையான விலை கேபிளையும் ஹோஸையும் சேர்த்துத்தான்.

கழற்றுவது

அரைநாள் ஒதுக்குங்கள். எலன்கீ செட், ஸ்பானர், இறுக்கத்தை அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச், மாஸ்கிங் டேப், பழைய டவல் வேண்டும். ஜப்பான் பைக்கென்றால் ஜேஐஎஸ் எனும் ஜப்பான் தர ஸ்க்ரூ டிரைவரும். சாதாரண நட்சத்திர டிரைவர் ஜப்பான் ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும், பிரேக் லீவரோடு இருக்கும் எண்ணெய்க் கோப்பையின், அதாவது மாஸ்டர் சிலிண்டரின், மூடியில் நீங்கள் பார்க்கும் மழுங்கிய தலைகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

டாங்கை டவலால் மூடுங்கள். ஹாண்டிலைச் சுற்றி நான்கு பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுங்கள், முக்கியமாகக் கேபிள்கள் எதன் முன்னால், எதன் பின்னால் போகின்றன என்று. பிறகு கண்ணாடிகள், முனைப் பாரங்கள். பாரத்தின் ஸ்க்ரூ பசை போட்டு இறுக்கியிருக்கும். வராவிட்டால் ஹெயார் டிரையரால் சூடாக்கிவிட்டுத் திருப்புங்கள்.

அடுத்து முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர். இரண்டு போல்ட்தான், ஆனால் கழற்றியதும் அதைத் தொங்கவிடக் கூடாது. எண்ணெய்க் கோப்பை நிமிர்ந்தபடி இருக்க, ஒரு கயிற்றால் ஃபோர்க்கில் கட்டிவையுங்கள். தலைகீழானால் லைனுக்குள் காற்றுப் போகும். பிரேக் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்னும்.

சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து அக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றி, வலது கிரிப்போடு சுழலும் அக்ஸிலேட்டர் குழாயை உருவி எடுங்கள். இடது கிரிப்புக்குள் மெல்லிய தடியொன்றை நுழைத்து, சவர்க்காரத் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் வந்துவிடும். கடைசியாகக் கிளாம்ப்.

பொருத்துவது

புது ஹாண்டிலைக் கிளாம்பில் வைத்து, விழாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஏறி இருந்து கோணம் பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பும்போது முனையோ லீவரோ உங்கள் விரலோ டாங்கில் முட்டக் கூடாது. புல்பேக் கூடிய ஹாண்டிலில் முழங்காலிலும் முட்டலாம். யூ-டேர்ன் அடிக்கும்போது கையை டாங்குக்கும் ஹாண்டிலுக்கும் இடையில் மாட்டிக்கொள்வது நல்ல அனுபவமல்ல.

சுவிட்ச் பெட்டிகளுக்குள் ஒரு சின்ன முளை இருக்கும், பழைய ஹாண்டிலில் அதற்கு ஒரு துளை இருந்திருக்கும். புதியதில் துளை இராது. இரும்பென்றால் இடத்தைச் சரியாகக் குறித்து, முளையின் பருமனுக்கு ஒரு துளை போடலாம். கோணம் எல்லாம் முடிவான பிறகுதான் போட வேண்டும், முன்னால் அல்ல. அலுமினியத்தில், ஹாண்டில் செய்தவர் அனுமதிக்காவிட்டால், துளைக்க வேண்டாம். முளையை அரத்தால் தேய்த்துவிட்டு, அடியில் மெல்லிய ரப்பர் பட்டி சுற்றினால் பெட்டி சுழலாமல் பிடிக்கும்.

அக்ஸிலேட்டர் குழாயை முதலில் போட்டு, எண்ணெய் பூசாமல், விட்டதும் தானாகவே திரும்பி வருகிறதா பாருங்கள். முனைப் பாரத்துக்கும் கிரிப்புக்கும் இடையே மயிரிழை இடைவெளியாவது வேண்டும். அங்கே உரசினால் அக்ஸிலேட்டர் திறந்தபடி மாட்டும். இடது கிரிப்புக்குக் கிரிப் பசையோ ஹெயார் ஸ்ப்ரேயோ அடித்து உடனே தள்ளுங்கள், ஒரு இரவு காயவிடுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரின் பிடியில் அம்புக்குறி இருந்தால் அது மேலே பார்க்க வேண்டும். மேல் போல்ட்டை முதலில் இறுக்குங்கள். கிளாம்ப் மூடிகளில் ஒரு பக்கம் புள்ளி குத்தியிருந்தால் அது பொதுவாக முன்பக்கம். அப்படியான கிளாம்பில் முன் போல்ட்டுகளை முதலில் இறுக்கி, பிறகு பின்னால் உள்ளவற்றை. இடைவெளி பின்பக்கம் மட்டும் மிஞ்சும். புள்ளி இல்லாதவற்றில் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கம் எவ்வளவு என்பது உங்கள் பைக்கின் புத்தகத்தில் இருக்கும். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பல பைக்குகளில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை. கராஜில் சிலர் ஸ்பானரில் பைப் மாட்டி இறுக்குவார்கள். அலுமினிய நூல் உரிந்தால் மேல்தட்டே போய்விடும்.

கேபிளும் பிரேக் ஹோஸும்

எட்டாத கேபிளை இழுத்து மாட்டுவது இந்த வேலையில் நடக்கும் மிக மோசமான காரியம். முதலில் வழியை மாற்றிப் பாருங்கள். ஹெட்லைட்டுக்கு முன்னால் போன கேபிளைப் பின்னால் விட்டாலே சில சென்டிமீட்டர் கிடைக்கும். அப்படியும் போதாவிட்டால் நீளமானதை வாங்குங்கள். இரு முனையும் ஒத்துப்போகும் வேறு மொடல் கேபிள் கிடைக்கலாம், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள்.

பிரேக் ஹோஸ் மட்டும் பேரம் பேசும் சாமான் அல்ல. ஹைட்ரோலிக் ஹோஸ் கடையில் ஏதாவது ஒன்றைச் சுருட்டித் தருவார்கள், பிரேக்குக்கென்றே செய்ததுதானா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம். ஹோஸ் மாற்றினால் போல்ட்டின் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வொஷர் போட வேண்டும், மூடியில் எழுதியிருக்கும் வகைப் பிரேக் ஒயிலையே புது டப்பாவாக உடைத்து ஊற்றி, லைனுக்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். திறந்து வைத்த டப்பா கொழும்பின் ஈரக் காற்றைக் குடித்திருக்கும். காற்றெடுத்துப் பழக்கமில்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் நம்பிக்கையான மெக்கானிக் பாஸிடம் கொடுங்கள், வெட்கமில்லை.

கிளட்ச் லீவர் முனையில் 10 முதல் 15 மில்லிமீட்டர், அக்ஸிலேட்டர் கிரிப்பில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வெற்று அசைவு பொதுவான கணக்கு. புத்தகத்தில் வேறு இருந்தால் அதுதான் சரி.

வீதிக்கு எடுக்க முன்

நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, அக்ஸிலேட்டரைத் தொடாமல் ஹாண்டிலை இடம் வலமாக முழுதும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடினாலும் கேபிள் இழுபடுகிறது. அந்த பைக்கை எங்கேயும் கொண்டுபோகாதீர்கள். பிறகு முன் பிரேக்குக்கு பிரேக் லைட், ஹோர்ன், சிக்னல், கில் சுவிட்ச் ஒவ்வொன்றாக. பைக்கில் இருந்துகொண்டு ஹாண்டிலை முழு பலத்தோடு மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், கிளாம்புக்குள் சுழலக் கூடாது. ரப்பர் புஷ் வைத்த ரைசர் என்றால் இலேசாக ஆடும், அது சாதாரணம்.

ஞாயிறு விடியற்காலை மரைன் டிரைவ் வெறிச்சென்று இருக்கும், முதல் ஓட்டத்துக்கு அதைவிட நல்ல இடமில்லை. மெதுவாகப் போய், பலமாக பிரேக் பிடித்து, இரண்டு பக்கமும் யூ-டேர்ன் அடித்துப் பாருங்கள். எலன்கீயைப் பொக்கெட்டில் வைத்திருங்கள், லீவர் கோணம் வீட்டில் சரியாகத் தெரிந்தது வீதியில் சரியாக இராது. அடுத்த கிழமை நீர்கொழும்பு போய் வாருங்கள். திரும்பியதும் கிளாம்ப் போல்ட்டுகளை டோர்க் ரென்ச்சால் திரும்பப் பாருங்கள், ஹோஸும் வயரும் எங்காவது உரசிய தடம் இருக்கிறதா என்றும்.

காப்புறுதிக் கம்பனிக்கு மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள், எழுத்தில் இருந்தால் நல்லது. பொலிஸ்காரர் மறித்தால் முதலில் பார்ப்பது கண்ணாடியையும் சிக்னலையும்தான், புது ஹாண்டிலில் கண்ணாடி உங்கள் தோளை மட்டும் காட்டினால் தண்டை நீட்டுங்கள். பழைய ஹாண்டிலை, கேபிள்களோடு சேர்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றி மேலே போட்டு வையுங்கள். பைக்கை விற்கும்போது வாங்க வருகிறவர் உங்களைவிட ஒரு அடி உயரம் குறைந்தவராக இருக்கலாம்.